யார் இந்த ஹாஃப்கின்? ஊரடங்கா, பிழைப்பா என்ற சிக்கலுக்கு ஊசியில் விடை தேடியவர்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்ட் வெறிச்சோடியது. அன்றாடம் உழைத்தால்தான் சோறு என்றிருந்தவர்களின் பிழைப்பு போச்சு. அப்போது அரசு கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று, 1897-ல் பிளேக் நோய்க்காகக் கொண்டுவரப்பட்ட தொற்றுநோய்கள் சட்டம். அந்த பிளேக் பின்னாளில் கோவையையும் விட்டுவைக்கல. இங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது வீடு வீடாகச் சோதனை, கட்டாயத் தனிமை என அரசு கெடுபிடி காட்டியது. நோய்க்கும் கெடுபிடிக்கும் பயந்து மக்கள் ஊரைவிட்டு ஓட, ஆளில்லாமல் மில்கள் திணறின.

இந்த நேரத்தில் பம்பாய் வந்தவர்தான் வால்டெமர் ஹாஃப்கின். 1860-ல் ஒடெசாவில் பிறந்தவர். கல்கத்தாவில் காலரா தடுப்பூசி போட்டவர். 1897 ஜனவரி 10-ல் புதிய பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அது முழுப் பாதுகாப்பு தரல. ஆனாலும் நோயும் சாவும் குறைந்தன. ஊரை அடைக்காமலே உயிர் காக்க ஒரு வழி பிறந்தது.

ஆனால் 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே பாட்டிலில் இருந்து ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, வேலை பறிபோனது. அவரது ஆய்வகத்தில் தவறில்லை என்று தெளிவாகிப் பழி நீங்க 1907 ஆனது. அதற்குள் ஊசி மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது.

1925-ல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார். ஊரடங்குக்கு மக்கள் கொடுக்கும் விலை வருமானம். தடுப்பூசிக்குத் தேவை நம்பிக்கை. அதை ஒரு பாட்டிலே உடைத்துவிடும் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம்.