நாணயமே ஈடு

நுழையும்முன்

நாணயம் என்னும் தமிழ்ச்சொல் காசைக் குறிக்கும். காசைக் கையாளும் மனிதரின் நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது. கடனும் வாணிகமும் சட்டத்தால் மட்டும் நடப்பவை அல்ல. அவற்றின் அடியில் மனிதர் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை இருக்கிறது. இவ்வுண்மையை உணர்ந்து, உழவர்க்கும் மீனவர்க்கும் உதவும் பொருளாதார அமைப்புகளை உருவாக்க வழிகாட்டிய சர் பிரடெரிக் நிக்கல்சனின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

பஞ்சம் கற்பித்த பாடம்

பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் 1846ஆம் ஆண்டு பிறந்தவர், ஆங்கிலேயர். இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து 1869இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார். அவர் பணியேற்ற சில ஆண்டுகளிலேயே, 1876 முதல் 1878 வரை, தென்னகத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். மழை பொய்த்தது பஞ்சத்தின் தொடக்கமே. கடனில் மூழ்கியிருந்த உழவனுக்கு ஒரு பருவம் பொய்த்தாலும் தாங்கி நிற்கும் வலிமை இல்லாமற்போனதே அதன் கொடுமையை வளர்த்தது.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் பணியாற்றியபோது நிக்கல்சன் ஊர்ப்புற வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்தார். 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அவர் எழுதியதே. விதைக்கும் மாட்டிற்கும் கிணற்றுக்கும் உழவன் கடன் வாங்காமல் இருக்க இயலாது. வட்டிக்குக் கொடுப்பவரைத் தூற்றுவதாலும் கடன் தேவை நீங்கிவிடாது. அத்தேவையை அறத்தோடு நிறைவுசெய்யும் அமைப்பு எது என்பதே அவர்முன் நின்ற வினாவாயிற்று.

ஈடு எது?

1892இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு, ஊர்ப்புறக் கடன் அமைப்புகளை ஆராயும் பணியை நிக்கல்சனிடம் ஒப்படைத்தார். ஐரோப்பிய நாடுகளின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்த அவர், 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாகத் தம் அறிக்கையை அளித்தார்.

செர்மனியில் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்னும் ஊர்த்தலைவர் தோற்றுவித்த கடன் சங்கங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. 1846, 1847ஆம் ஆண்டுகளின் பசிக்கொடுமையைக் கண்ட ரைஃபைசன், முதலில் செல்வர்களின் கொடையைத் திரட்டி ஏழைகளுக்கு உணவளித்தார். கொடை வற்றியபோது உதவியும் வற்றியது. ஆகவே, உதவி பெறுவோரே உறுப்பினராகித் தமக்குத் தாமே துணைநிற்கும் சங்கங்களை அமைத்தார்.

அச்சங்கங்களின் இயக்கம் எளிமையானது. ஒரு சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அளவே. உறுப்பினர் அனைவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர். ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஆகவே, கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார், எப்படித் திருப்புவார் என்பதை ஊரே கருத்தூன்றிக் கவனிக்கும். நிருவாகிகள் ஊதியம் பெறமாட்டார்கள். ஈட்டும் வருவாய் பொதுச் சேமிப்பாகும். நிலமில்லாதவர்க்கும் இங்கே ஓர் ஈடு உண்டு. அது அவருடைய ஒழுக்கம். வங்கி அறியாத அவ்வீட்டை அண்டை வீட்டார் அறிவர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தம் அறிக்கையின் சாரமாக, ரைஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டறிய வேண்டும் என்றே நிக்கல்சன் கூறி முடித்தார். சட்டத்தைவிட மனிதரே முதன்மை என்பது அதன் உட்பொருள்.

அயல்நாட்டு முறையை மட்டும் அவர் போற்றவில்லை. சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மக்கள் தாமே நடத்திவந்த நிதி என்னும் சேமிப்புக் கடன் அமைப்புகளையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். சேர்ந்து சேமிக்கும் பண்பு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அவை சான்றாயின.

சட்டமும் சங்கமும்

அரசு அவ்வறிக்கையை உடனே ஏற்கவில்லை. 1899இலும் 1900இலும் மீண்டும் பஞ்சம் தாக்கியது. 1901ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவில் நிக்கல்சனும் இடம்பெற்றார். அதன்பின் எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைவழி, 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது.

தெரியுமா?
தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு திரூரில் தொடங்கப்பட்டது. அவ்வூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதியும் காட்டுப்பள்ளியும் அமைந்திருப்பது அதே மாவட்டத்தில்தான்.

கரையில் தொடர்ந்த பணி

ஏறத்தாழ அறுபதாம் அகவையில், ஓய்வுகொள்ள வேண்டிய காலத்தில், நிக்கல்சன் கடற்கரைக்கு வந்தார். 1905இல் மீன்வளத்தை ஆராயும் சிறப்புப்பணி அவருக்கு அளிக்கப்பட்டது. 1907இல் சென்னை மாகாண மீன்துறை உருவானது. சப்பானின் மீன்தொழிலை ஆராய்ந்து அதே ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார். மீனைப் பதப்படுத்தும் ஆய்வுகள் எண்ணூரிலும் நடந்தன. பழவேற்காடு ஏரி சிப்பி வளர்ப்புக்கு ஏற்றதா என்பதை அவருடன் பணியாற்றிய சேம்சு ஆர்னெல் ஆராய்ந்தார்.

நீராவிப் படகுகளையும் பெருமுதலையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் மீன்வளம் பெருகக்கூடும். ஆனால் மீனவர் கூலியாட்களாகிவிடுவர். இதனை உணர்ந்த நிக்கல்சன், மீனவர் தாம் அறிந்த படகிலிருந்தும் வலையிலிருந்தும் படிப்படியாக முன்னேறுவதையே விரும்பினார். மலபார்க் கரையில் மத்திமீன் மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் அதனை மணலில் உலர்த்தி எருவாக விற்றுவந்தனர். மீனை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைத் தனியே எடுக்கும் முறையை மீன்துறை கற்றுக்கொடுத்தது. சிறு முதலில் பல எண்ணெய் ஆலைகள் தோன்றின.

மீனவரின் கடன் உழவரின் கடனைவிடச் சிக்கலானது. உழவனுக்கு நிலம் உண்டு. கடலை ஈடாக வைக்க எவராலும் இயலாது. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் பெறும் மீனவர், பிடித்த மீனை அவ்வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமே விற்பனை முதலிய பிற பணிகளுக்கான சங்கங்களுக்கும் வழி திறந்தது.

பாடு காட்டும் வழி

நம்பிக்கையின்மேல் எழும் அமைப்புக்குப் பழவேற்காட்டு மீனவரிடமே பழமையான சான்று ஒன்று உண்டு. அதன் பெயர் பாடு. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் மிகுதியாகக் கிடைக்கும். வலியவரே அவ்விடங்களைக் கைப்பற்றினால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, தலைக்கட்டுகளாகப் பதிவுபெற்ற மீனவர், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று குறைந்த இடத்தைப் பெற்றவர்க்கு மற்றொரு நாள் நல்ல இடம் கிட்டும். ஊர்க்கட்டுப்பாடே அங்குச் சட்டம்.

எனினும், பாட்டில் இடம்பெறாதவர்க்கு அந்நீரில் உரிமை இல்லை. உள்ளிருப்போரைச் சமமாக நடத்தும் அதே முறை, வெளியிலிருப்போரை விலக்கியும் வைக்கிறது. ஒருவரை ஒருவர் அறிந்தோரின் நம்பிக்கையால் இயங்கும் அமைப்புகள் அனைத்திற்கும் இவ்விரு முகங்கள் உண்டு. அறிமுகம் தரும் வலிமையைக் காத்துக்கொண்டே அதன் எல்லையை விரிப்பது எப்படி என்பது இன்றும் விடைதேடும் வினா.

கூட்டுறவுச் சங்கங்களும் குறையற்றவையாக வளரவில்லை. 1914இல் அமைக்கப்பட்ட எட்வர்டு மெக்லகன் குழு, உறவினர்க்குச் சலுகை, கையாடல், தவணை தவறிய கடன் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது. சங்கங்களின் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் உறுப்பினரின் பொறுப்புணர்வு பெருகவில்லை. ரைஃபைசன் போன்ற மனிதர் வேண்டும் என்று நிக்கல்சன் சொன்னதன் பொருளை இக்குறைகளும் உணர்த்தின.

நிறைவு

1918 வரை மீன்துறையை வழிநடத்திய நிக்கல்சன், 1936இல் மறைந்தார். அயல்நாட்டு ஆட்சியின் அதிகாரியாக வந்த அவர், அவ்வாட்சி மிகுதியும் பொருட்படுத்தாத எளிய மக்களின் கடன்சுமையை ஆராய்வதில் தம் அறிவைச் செலவிட்டார். நல்ல அமைப்பு மனிதரின் நேர்மைக்குத் துணைநிற்கும். அந்நேர்மை குன்றும்போது அமைப்பு வெறும் கட்டடமாகவும் கணக்கேடாகவும் எஞ்சும். காசாகிய நாணயத்தை அரசு அச்சிட்டுத் தரலாம். நேர்மையாகிய நாணயத்தை மக்களே தம்முள் ஈட்டிக் காக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்குச் சென்று, அது இயங்கும் முறையை அறிந்து எழுதுக.
2. பாடு முறையைப் போன்று, பொதுவளத்தை முறைவைத்துப் பகிரும் வழக்கம் ஏதேனும் உங்கள் பகுதியில் உண்டா? வகுப்பில் கலந்துரையாடுக.