வயலிலிருந்து இழுத்த மோட்டார் சைக்கிள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களைப் போலவே மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களும் ஏராளம். போளூர், செங்கம், வேட்டவலம் என்று நாலு பக்கத்துச் சாலைகளிலிருந்தும் வருகிறார்கள். முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு குழந்தை. நடுவில் வண்டியை ஓட்டும் தகப்பன். பின்னால், மடியில் கைக்குழந்தையோடு தாய். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையைக் காலில் செருப்பில்லாமல் நடந்து சுற்றுகிறார்கள்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்த கதையைக் கேட்டால், அதில் பெரும்பாலும் ஒரு சண்டையும் இருக்கும். வாலிபனுக்கு மோட்டார் சைக்கிள் மீது ஆசை. பெற்றவர்களுக்குப் பயம். மனைவிக்கோ, மாதத் தவணை கட்டிவிட்டால் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு எங்கே போவது என்ற கவலை. ஆசை பெரிதா, குடும்பம் பெரிதா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே, மோட்டார் சைக்கிளைக் கண்ணால் பார்த்தவர்களே அபூர்வமாக இருந்த காலத்தில், கோவை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு விவசாயி மகனை இந்த ஆசை பிடித்து ஆட்டியது. பிற்காலத்தில் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் அவர் பேரைச் சொல்லும்படி வாழ்ந்த அவர்தான் ஜி. டி. நாயுடு.

இரண்டு அழைப்புகள்

ஏதோ ஓர் அழைப்பைக் கேட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களின் கதை திருவண்ணாமலைக்கு நன்றாகத் தெரியும். 1896-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் மதுரையிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 1-ந் தேதி அண்ணாமலையார் கோவிலுக்கு வந்து சேர்ந்த 16 வயது வெங்கடராமன்தான் ரமண மகரிஷி ஆனார். இரண்டு வருஷம் கழித்துத் தாய் அழகம்மாள் தேடி வந்து அழுது அழைத்தபோதும் அவர் திரும்பிப் போகவில்லை. ஆனால் 1916-ம் ஆண்டில் அந்தத் தாயே மகனுடன் வாழ வந்தார். 1922-ல் அவர் மறைந்தபின், அவருடைய சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது. வீட்டை விட்டவரைத் தேடி வீடே வந்துவிட்டது.

மகரிஷி அண்ணாமலைக்கு வந்தபோது நாயுடுவுக்கு மூன்று வயது. இவரையும் பின்னால் ஓர் அழைப்பு வீட்டை விட்டு இழுத்தது. ஆனால் அது அருணாசலத்தின் அழைப்பு அல்ல. ஓர் என்ஜினின் சத்தம். இவர் துறவியும் ஆகவில்லை. உலகத்துக்குள்ளேயே, குடும்பத்துக்குள்ளேயே இருந்து, அந்தச் சத்தத்தைக் கட்டி மேய்த்தார். அதுதான் அவருடைய வாழ்க்கையின் விசேஷம்.

மண்ணை வீசிய பையன்

கோவைக்குக் கிழக்கே, சூலூர்ப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோபால்சாமி நாயுடுவின் மகனாகப் பிறந்தவர் துரைசாமி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். உறவினர் பராமரிப்பில் வளர்ந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. பையனுக்கு இனி மண்தான் கதி என்று தோட்ட வேலையில் விட்டார்கள். ஏரும் ஏற்றமுமாக நாட்கள் போயின.

அந்தக் காலத்துக் குடியானவர் வீட்டில் மகன் என்றால் தோட்டத்துக்கு ஒரு கை. அவன் வேறு திசையில் போனால் வீட்டுக்கு அது நஷ்டம். வாலிபர் துரைசாமியின் முன்னால் அந்த வேறு திசை, ஒரு நாள் சாலையில் உருண்டு வந்தது.

குதிரை இல்லாத வண்டி

துரைசாமிக்கு அப்போது சுமார் இருபது வயது. ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த லங்காஷயர் என்ற வெள்ளைக்காரத் துரை ஒருவர் கலங்கல் பக்கம் வந்தார். அவர் ஏறி வந்தது ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிள்.

இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்தில் செய்யப்பட்ட வண்டி அது. என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டைதான் சக்கரத்தைச் சுற்ற வைக்கும். 1914-ல் மான் தீவில் நடந்த புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெரிய வண்டிகளுக்கான போட்டியை வென்றது இந்தக் கம்பெனி வண்டிதான். பந்தயச் சேதி கலங்கலுக்கு வந்திருக்க நியாயமில்லை. ஆனால் மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல், புகையைக் கக்கிக்கொண்டு ஒரு வண்டி ஓடுகிறது என்பதே அந்த வாலிபரைத் திகைக்க வைக்கப் போதுமானதாக இருந்தது.

வேடிக்கை பார்த்த மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். துரைசாமியின் மனம் மட்டும் வண்டியோடு போய்விட்டது. அது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? தானும் அதை ஓட்ட முடியுமா? இந்த மூன்று கேள்விகளும் அவரைத் தோட்டத்தில் நிற்க விடவில்லை.

ஓட்டலில் மூன்று வருஷம்

ஆசை வந்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது என்பதில்தான் ஒரு மனிதனின் குணம் தெரியும். தகப்பனார் நிலத்தின் மேல் கண் வைப்பவர்கள் உண்டு. ஊரெல்லாம் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. துரைசாமி கோவைக்குப் போய் ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார்.

மேஜை துடைத்தார். பரிமாறினார். எச்சில் பாத்திரம் கழுவினார். சொந்தத் தோட்டத்தில் எஜமானனாக இருக்க வேண்டியவர் அடுத்தவர்களுக்கு இலை எடுத்தார். கூலியை அணாக் கணக்கில் எண்ணிய காலம் அது. கிடைத்ததில் மிச்சம் பிடித்தார். ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படி ஓடியது.

பணம் சேர்ந்ததும் அதே துரையிடம் போனார். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். பார்த்த அன்று மூண்ட ஆசை, மூன்று வருஷம் பாத்திரம் கழுவியும் அணையவில்லை. அது வெறும் வாலிப மயக்கம் அல்ல என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிரித்தார், பூட்டினார்

புது மோட்டார் சைக்கிள் கையில் கிடைத்தால் வாலிபர்கள் என்ன செய்வார்கள்? ஊரைச் சுற்றுவார்கள். நாயுடுவும் ஓட்டினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. வண்டியை ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் தரையில் பரப்பினார். ஒவ்வொரு துண்டும் எதற்கு என்று பார்த்தார். பிறகு முன்போலவே பூட்டி ஓட வைத்தார். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் அது. அங்கே அவர் யார் மீதும் மண்ணை வீசவில்லை.

அந்தப் பாடம் அவரை மெக்கானிக் ஆக்கியது. கேளிக்கையாக வந்த வண்டி சோறு போடும் தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட்டது.

நடுவே அவர் சறுக்கியதும் உண்டு. முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். அதில் எல்லாம் போயிற்று. வெறுங்கையோடு திரும்பியவரிடம் மிச்சம் இருந்தது, மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்ற வித்தை ஒன்றுதான். பணத்தைச் சந்தை பறித்துக்கொண்டது. வித்தையைப் பறிக்க முடியவில்லை.

ஒருவர் வண்டி, ஊர் வண்டி

1920-ம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவோடு ஒரு மோட்டார் பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். மோட்டார் சைக்கிள் ஒருவரை ஏற்றும். பஸ் ஊரையே ஏற்றும். ஆசை அதே ஆசைதான். அதில் மற்றவர்களுக்கும் இடம் கிடைத்தது. பழனிக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களும், சந்தைக்கு மூட்டை கொண்டுபோகிறவர்களும், பிள்ளையும் குட்டியுமாக உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் அதில் ஏறினார்கள்.

அந்த ஒரு பஸ் பெருகி யு. எம். எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. 1933-ம் ஆண்டுக்குள் சுமார் 280 பஸ்கள் ஓடின. நேரம் தவறாமைக்குப் பேர் போன கம்பெனி அது. பட்டறையும் அவருடையதே. பழுது பார்க்கத் தெரிந்தவரே முதலாளியாக இருந்தால் பஸ் வழியில் நிற்காது என்பதை ஜனங்கள் கண்டார்கள்.

வீட்டுக்குள் வந்த இயந்திரம்

இயந்திரப் பித்துப் பிடித்தவர்களுக்கு வீட்டு ஞாபகம் இராது என்பார்கள். நாயுடு செய்த பொருள்களின் ஜாபிதாவைப் பார்த்தால் அது அவருக்குப் பொருந்தவில்லை என்று தெரியும். மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி; அதற்கு ‘ரேசண்ட்’ என்று பேர். மிக மெல்லிய சவர பிளேடு. பழச்சாறு பிழியும் கருவி. கரண்டு இல்லாத வீட்டிலும் சுற்றும் மண்ணெண்ணெய் விசிறி. எல்லாம் வீட்டில் புழங்கும் பொருள்கள்.

1937-ல் கோவை பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். கோவை பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் பெற்ற நகரமானதற்கு அது ஒரு தொடக்கம். ஏற்றம் இறைத்து முதுகு வளைந்த குடியானவனுக்கு, கலங்கல் தோட்டத்தை விட்டுப் போன மகன் கடைசியில் கொடுத்த பதில் அது என்றே சொல்லலாம். வேறு திசையில் போன மகன், தோட்டத்துக்கே உதவியாக வந்து சேர்ந்தார்.

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டு அலங்காரமாக இருந்த காலம் அது. 1967-ல், காலை 6 மணிக்கு அஸ்திவாரம் போட்டு மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டையே கட்டி முடிக்கச் செய்தார். பதினொரு மணி நேரத்தில் ஒரு வீடு!

காமிராவும் அவருக்கு இன்னொரு பித்து. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். விவசாய ஆராய்ச்சியையும் விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் அவர் கண்ட முடிவுகளைப் பார்க்க சர். சி. வி. ராமன் போன்றவர்கள் வந்தார்கள்.

ஓடாமல் நின்ற கார்

அவருடைய வாழ்க்கையில் மனதை உறுத்தும் அத்தியாயம் 1952-ல் நடந்தது. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை அவர் வெளியிட்டார். விலை 2,000 ரூபாய். சாதாரண மத்திய தரக் குடும்பஸ்தன், மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகக்கூடிய வண்டி. ஒரு மோட்டார் சைக்கிளுக்காக மூன்று வருஷம் எச்சில் பாத்திரம் கழுவியவருக்கு, வண்டி ஆசைக்கு ஒரு ஏழை கொடுக்கும் விலை என்ன என்று தெரியும். அதைக் குறைத்துக் காட்டினார்.

சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. தயாரிப்பு நின்றது. வரிச் சுமையையும் கட்டுப்பாடுகளையும் கண்டிக்க, 1950-களில் தாம் செய்த பொருள்களையே பலர் அறிய உடைத்துக் காட்டினார் நாயுடு. அது சரியா, தப்பா என்று அன்றைக்கு நாடே வாதாடியது. துண்டு துண்டாகப் பிரித்ததை மறுபடி பூட்டிப் பழகிய கைகள், மறுபடி பூட்ட முடியாதபடி உடைத்தன என்றால் அந்த மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

பள்ளிக்குப் போகாத பிரின்சிபால்

1944-ல் மோட்டார் தொழிலின் நேர்ப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் பொருள் ஒதுக்கினார். கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், 1945-ல் ஆர்தர் ஹோப் என்ஜினீயரிங் கல்லூரியும் ஏற்பட முன்னின்றார். கல்லூரியின் பிரின்சிபாலும் அவரே. பிற்காலத்தில் அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

ஆனால் அங்கும் நெடுநாள் இருக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு பையன்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. ராஜினாமா செய்தார். ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர் வேறு எப்படி நினைப்பார்?

மகன் காத்த வீடு

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் நாயுடு காலமானார். அவர் சேர்த்ததையும் செய்ததையும் மகன் ஜி. டி. கோபால் பேணி வளர்த்தார். கோவை அவினாசி ரோட்டில் உள்ள கண்காட்சியில், தகப்பனார் கை பட்ட இயந்திரங்களைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துப் போகிறார்கள். தகப்பன் பித்தைப் பிள்ளை சுமையாக நினைக்காமல் சொத்தாக ஏற்றுக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை.

அதே அவினாசி ரோட்டில் 2025-ம் ஆண்டு அக்டோபரில் பத்துக் கிலோ மீட்டர் நீள மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடுவின் பேர் வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள் ஆசை வந்த வாலிபனைத் தடுக்க முடியாது. நாயுடுவின் கலங்கல் வீட்டாலும் முடியவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு வீடு விலை கொடுத்ததா, வாலிபன் விலை கொடுத்தானா என்று கேட்கலாம். வாங்கிய பின் வண்டி அவனை மட்டும் சுமந்ததா, மற்றவர்களையும் சுமந்ததா என்று பார்க்கலாம். இந்த இரண்டு கணக்கும் சரியாக இருந்தால், ஆசைக்கும் குடும்பத்துக்கும் சண்டை வர இடமில்லை.

கிரிவலம் முடிந்து விடியற்காலையில் திருவண்ணாமலையிலிருந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்களில், தூங்கும் குழந்தையை நடுவில் அணைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போகிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான்.