மீட் பாதிரியார்

இலண்டன் மிஷன் சங்கத்தின் தொண்டராகச் சார்லஸ் மீட் 1816-ஆம் ஆண்டு கப்பலேறியபோது, அவர் இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர். 1792-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். உடன் புறப்பட்ட மனைவி ஆன், திருவிதாங்கூரைக் காணுமுன்னரே பினாங்கில் காலமானார். ஆறாத் துயருடன் மீட் 1818-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குளச்சலில் கரையிறங்கினார்.

நாகர்கோவிலும் நெய்யூரும் அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டின் தமிழ்ப் பகுதிகள். அங்கே தங்கிய மீட், பள்ளிகளையும் அச்சகத்தையும் வளர்த்தார்; ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் சிறிது காலம் நீதிபதியாகவும் அமர்ந்தார். மேலாடை அணியும் உரிமை கேட்ட பெண்களுக்குத் துணை நின்றார்.

இரண்டாம் மனைவியும் இறந்தபின், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த தமிழ்ப் பெண்ணான லோயிஸை 1852-ஆம் ஆண்டையொட்டி மணந்தார். கடவுள் முன் யாவரும் சமம் என்று போதித்த உடன் ஊழியர்களுக்கே அத்திருமணம் பொறுக்கவில்லை. முப்பதாண்டுக்கு மேல் உழைத்த சங்கத்தை மீட் துறந்தார், கைப்பிடித்தவளைத் துறந்தாரில்லை.

அவரைத் திருவிதாங்கூர் அரசு ஏற்றுக்கொண்டது. நம் திருவனந்தபுரத்தில் குடியேறி, அரசுப் பள்ளிகளைக் கண்காணிக்கும் பணியை ஆற்றி, 1873-ஆம் ஆண்டு இந்நகரிலேயே கண்மூடினார். தாயகம் திரும்பி வாழ அவர் எண்ணவில்லை.

பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து வேரூன்றிய நமக்கு அவ்வாழ்வு அயலாருடையதாகத் தோன்றாது. வந்த இடத்தைச் சொந்த ஊராக்குவது அவ்விடத்து மனிதரைச் சொந்தமாக்குவதே என்பதை, பெருவிலை கொடுத்து அவர் வாழ்ந்து காட்டினார்.