சர்வர் சாய்ந்த இரவும் ஜிம் கிரேயும்

கடந்த பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கம் நடத்திய கலைநிகழ்ச்சிக்குப் பெயர்ப் பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணினித்துறை இரண்டாம் ஆண்டு மாணவன் என்பதால் என்னைக் கேட்காமலேயே எல்லாரும் என் பக்கம் கைகாட்டிவிட்டார்கள். பழைய மேசைக்கணினி ஒன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவினேன். ஓடியது, ஆனால் மெதுவாக. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அமைப்புக் கோப்பில் எஃப்சிங்க் என்றொரு வரி உண்டு; அதை அணைத்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்த நினைவு. அணைத்தேன். வேகம் உண்மையிலேயே கூடியது. சங்கப் பொருளாளர் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை இடியுடன் கனமழை. மின்சாரம் போய் வந்தது. கணினியை மறுபடி திறந்தால் தரவுத்தளம் எழவே மறுத்தது. இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளே. ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட் கட்டியிருந்தார்கள். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. யார் கட்டியது என்ற விவரம்தான் இல்லை. நகலும் நான் எடுத்து வைக்கவில்லை. அக்கா திட்டவில்லை. வங்கிக் கணக்கறிக்கையை அச்சிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விடிய விடிய வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பதினொரு பேரை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. நிகழ்ச்சியன்று வாசலில் நின்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது நான்தான்.

தரவுத்தளம் எழுதச் சொல்வதையெல்லாம் கணினி உடனுக்குடன் வட்டில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தோதான நேரம் பார்த்து எழுதும். அப்படியில்லை, இப்போதே வட்டில் எழுது என்று வற்புறுத்துவதுதான் எஃப்சிங்க். நான் அணைத்தது அந்த வற்புறுத்தலை. அந்த வரி அங்கே எதற்காக இருக்கிறது என்று தேடிப்போனபோதுதான் ஜிம் கிரே எனக்கு அறிமுகமானார்.

ஜேம்ஸ் நிக்கலஸ் கிரே 1944 ஜனவரி 12ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தாயார் ஆசிரியை. தந்தை ராணுவத்தில் இருந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் குடும்பம் ரோம் நகரில் வாழ்ந்தது. பெற்றோர் பிரிந்தபின் தாயோடு சான் பிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார். விமானப்படைக் கல்விக்கழகத்தில் சேர விரும்பி, இடம் கிடைக்காமல், 1961இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வேதியியலில் புள்ளிகள் மோசம். மனம் வெறுத்து ஆறு மாதம் படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்த வேலை அதைவிட மோசமாக இருந்ததால் திரும்பி வந்தார். தேர்வு முடிவைப் பார்த்துவிட்டுத் துறையை மாற்றலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் என் விடுதியிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். இந்தக் கதையை அவர்களிடம் சொன்னேன். 1966இல் பொறியியல் கணிதத்தில் பட்டம் பெற்ற கிரே, 1969இல் முனைவரானார். பெர்க்லியில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

அடுத்து ஐபிஎம். 1970இல் அந்நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் எட்கர் காட் என்பவர், தரவுகளை அட்டவணைகளாக வைத்து உறவுபடுத்தலாம் என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்திருந்தார். காகிதத்தில் அழகாக இருந்தது. நிஜக் கணினியில், நூறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது அது தாங்குமா? அதைக் காட்டவே சிஸ்டம் ஆர் என்ற திட்டம் தொடங்கியது. இன்று நாம் படிக்கும் எஸ்கியூஎல் மொழி பிறந்ததும் அங்கேதான். குழுவில் கிரே எடுத்துக்கொண்டது, வெளியில் யார் கண்ணுக்கும் படாத அடித்தள வேலை.

என் கணக்கிலிருந்து ஐம்பது ரிங்கிட் எடுத்து உங்கள் கணக்கில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் கழித்தாயிற்று. உங்கள் கணக்கில் கூட்டுவதற்கு முன் மின்சாரம் போய்விட்டது. அந்த ஐம்பது ரிங்கிட் எங்கே? இரண்டு வேலையும் நடக்க வேண்டும். அல்லது இரண்டுமே நடக்காதிருக்க வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது. இப்படிப் பிரிக்க முடியாமல் கட்டிய வேலையைப் பரிவர்த்தனை என்கிறோம். இந்தக் கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் கிரே.

அதற்கான வழி, மளிகைக்கடைக்காரரின் நாள்பேரேடு மாதிரிதான். உண்மையான கணக்கைத் தொடுவதற்கு முன், என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வேலை முடிந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன், அந்தப் பதிவேடு வட்டில் ஏறியிருக்க வேண்டும். பிறகு கணினி விழுந்தாலும் கவலையில்லை. எழுந்ததும் பதிவேட்டைப் படிக்கும்; முடிந்த வேலைகளை மறுபடி செய்யும்; அரைகுறை வேலைகளை அழித்துவிடும். எஃப்சிங்க் காவல் காப்பது இந்த ஒழுங்கைத்தான். அதை அணைத்தபின், பதிவேடு முந்தியதா கணக்கு முந்தியதா என்பதற்கு உத்தரவாதமே இல்லாமல் போய்விட்டது.

உண்மையில் என் சர்வர் மெதுவாக ஓடியதற்குக் காரணம் வேறு. ஒருவரின் பெயர், உணவு விருப்பம், சட்டை அளவு, இருக்கை என ஒவ்வொன்றையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் பழைய சுழல்வட்டுக்காகக் காத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டியிருந்தால் ஒரு முறை காத்திருந்தால் போதும். அப்படியும் வேகம் போதாதென்றால் சிங்க்ரோனஸ் கமிட் என்று வேறொரு வரி இருக்கிறது. அதை அணைத்தால் மின்வெட்டில் கடைசிச் சில கணத்துப் பதிவுகள் போகலாம், தரவுத்தளம் சிதையாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்குத் தெரியாது.

பூட்டுகளைப் பற்றியும் கிரேயும் அவருடைய சகாக்களும் 1970களில் எழுதினார்கள். ஒருவர் ஒரு புத்தகத்தைத் திருத்துகிறார் என்பதற்காக நூலகத்தையே பூட்டினால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். புத்தகத்துக்குப் புத்தகம் பூட்டுப் போட்டாலோ பூட்டுகளைக் கணக்கு வைப்பதே பெரும்பாடு. தேவைக்கேற்பச் சிறிய பூட்டும் பெரிய பூட்டும் போடலாம். உள்ளே ஒருவர் வேலை செய்கிறார் என்று வாசலில் ஓர் அடையாளம் மாட்டினால் இரண்டும் மோதாது என்று காட்டினார்கள். இன்றைய தரவுத்தளங்களிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

1980இல் டேண்டம் நிறுவனத்துக்கு மாறினார். எல்லா உறுப்பையும் இரண்டிரண்டாக வைத்து, ஒன்று பழுதானால் மற்றொன்று தொடரும்படி கணினி செய்த நிறுவனம் அது. வங்கிகள் விரும்பி வாங்கின. அப்படிப்பட்ட கணினிகளும் ஏன் நிற்கின்றன என்று கேட்டு, வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளை வைத்து 1985இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வன்பொருள் பழுது 18 விழுக்காடு மட்டுமே. மென்பொருள் 25. இயக்குவது, பராமரிப்பது, அமைப்பை மாற்றுவது என மனிதர்கள் கைவைத்ததால் வந்தவை 42 விழுக்காடு! அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அக்காவின் முகமும் நினைவுக்கு வந்தது. கிரே இயக்குபவர்களைக் குறை சொல்லவில்லை. மனிதர் தொட வேண்டிய வரிகளைக் குறைத்து, கணினி தன்னைத்தானே அமைத்துக்கொள்ள விடுங்கள் என்பதே அவர் வாதம். மென்பொருள் பிழைகளைப் பற்றியும் ஒரு வியப்பான செய்தி அதில் உண்டு. ஆராய்ந்த 132 பிழைகளில் ஒன்றைத் தவிர மற்றவை, அதே வேலையை மறுபடி ஓட்டினால் தலைகாட்டாதவை. நாம் எதற்கெடுத்தாலும் கணினியை அணைத்துத் திறப்பதில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, பரிவர்த்தனை வேகத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பலர் கைபட்ட கட்டுரை என்பதால் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் அநாமதேயர் என்றே போட்டிருந்தது.

1987இல் பிராங்கோ புட்சோலுவுடன் சேர்ந்து ஐந்து நிமிட விதியை எழுதினார். எந்தத் தரவை நினைவகத்தில் வைப்பது, எதை வட்டில் விடுவது? கிரே அதை விலைக் கணக்காகப் பார்த்தார். அன்று ஒரு கிலோபைட் நினைவகம் 5 டாலர். நொடிக்கு ஒரு முறை வட்டைத் தொடும் திறனுக்கு ஏறக்குறைய 2,000 டாலர். வகுத்தால் 400. ஆக, 400 நொடிக்குள் மறுபடி தேவைப்படும் ஒரு கிலோபைட் தரவை நினைவகத்தில் வைப்பதே மலிவு. சுருக்கமாக ஐந்து நிமிடம் என்றார். என் இருநூறு பெயர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் பெரிய தரவுத்தளத்துக்கு நினைவகம் எவ்வளவு ஒதுக்குவது என்று யோசிப்பவர் எவரும் இந்தக் கேள்வியைத்தான் வேறு விலைகளோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு டிஇசி நிறுவனம். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் எழுதிய பரிவர்த்தனைகள் பற்றிய தடித்த நூல். 1995இல் மைக்ரோசாப்டில் சேர்ந்தார். தலைமையகத்துக்கு இடம்பெயராமல் சான் பிரான்சிஸ்கோவிலேயே ஆய்வகம் அமைத்துக்கொண்டார். 1998இல் டூரிங் விருது வந்தது. அதே ஆண்டு டெராசர்வர் திறந்தது. வானிலிருந்து எடுத்த பூமியின் படங்களைத் தரவுத்தளத்தில் அடுக்கி, யாரும் இணையத்தில் பார்க்கலாம் என்று செய்தார்கள். கூகுள் எர்த் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு! அடுத்து வானியலாளர் அலெக்ஸ் சாலேயுடன் சேர்ந்து, விண்மீன்களின் கணக்கெடுப்பு ஒன்றையும் அதேபோல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். மாணவர்களும் அதில் தேடலாம்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மறைந்த தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக டெனேஷியஸ் என்ற தன் பாய்மரப் படகில் தனியே கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே உள்ள ஃபாரலோன் தீவுகள்தான் இலக்கு. வானிலை நன்றாக இருந்தது. கைதேர்ந்த மாலுமி. மாலையில் திரும்பவில்லை. அபாயக் குரல் எதுவும் வரவில்லை.

கடலோரக் காவல்படை நான்கு நாள் தேடிவிட்டு நிறுத்தியது. நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோளைத் திருப்பிக் கடலைப் படமெடுக்க வைத்தார்கள். அந்தப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி அமேசானின் தளம் ஒன்றில் ஏற்றினார்கள். அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலும் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களை மக்கள் முன் கொண்டுவந்தவரை, அதே வகைப் படங்களில் மக்கள் தேடினார்கள். பிப்ரவரி நடுவில் அதுவும் நின்றது. பின்னர் கடலடியிலும் தேடிப் பார்த்தார்கள்.

2012 மே மாதம் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தது. படகின் ஒரு பலகைகூட இதுவரை கிடைக்கவில்லை.