சவதார் குளமும் வெள்ளித்திரையும்

உரிமை ஏட்டில் எழுதப்படும் நாள் ஒன்று. அது மனிதனின் கைக்கு வந்து சேரும் நாள் மற்றொன்று. இவ்விரு நாள்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கவே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருந்தகை அண்ணல் அம்பேத்கர். அவர் வரலாற்றைக் கூறும் திரைப்படமும் அத்தகையதொரு தொலைவைக் கடந்தே தமிழ் மக்களை அடைந்தது.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மௌ படைமுகாமில், இராணுவத்தில் பணியாற்றிய ராம்ஜி சக்பாலின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அவருக்கு உரிமையில்லை. ஏவலாள் உயரத்திலிருந்து ஊற்றினால் குடிக்கலாம். ஏவலாள் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். பிற்காலத்தில் அவர் நடத்திய முதற்பெரும் போராட்டம் தண்ணீருக்காகவே அமைந்தது வியப்பன்று.

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பல்கலைக்கழகத்திற்கு அணித்தே இருந்தது, கறுப்பின மக்கள் குடியேறி வந்த ஹார்லெம் பகுதி. பின்னர் இலண்டனிலும் கற்று, 1917இல் பரோடாவில் உயர்பணி ஏற்றார். தங்குவதற்கு ஓர் அறை தருவாரில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒதுங்கியவரை அங்கிருந்தும் விரட்டினர். கற்ற கல்வி கடல் கடந்து மதிக்கப்பட்டது. சொந்த மண்ணில் சாதியே முன்னின்றது.

பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதனை ஏற்றுச் சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. ஆயினும் ஒடுக்கப்பட்டோர் எவரும் அந்நீரைத் தொட இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று, அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். திரும்பிய மக்கள் தாக்கப்பட்டனர், தீட்டுப்பட்ட குளம் என்று சடங்கு நடத்தப்பட்டது, வழக்கும் தொடுக்கப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதியாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது 1937 மார்ச்சில். ஒரு கை நீருக்குப் பத்தாண்டுகள்! குளத்தையே பெயரில் தாங்கிய மூலக்குளத்தில் வாழும் நாம் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல முடியுமா?

1932இல் பூனா உடன்படிக்கை. 1947இல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியமை முதன்மைக் காரணமாக 1951இல் அமைச்சர் பதவி துறப்பு. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவல். அவ்வாண்டு திசம்பர் 6இல் மறைவு என அவர் வாழ்வு விரைந்து முடிந்தது. இடையே 1946இல் அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். இருவேறு கண்டங்களின் துயர் ஒன்றையொன்று அறிந்துகொண்ட தருணம் அது.

1982இல் வெளிவந்த காந்தி படத்தில் அம்பேத்கர் என்றொரு பாத்திரமே இல்லை. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்சின் வாழ்வை ஸ்பைக் லீ 1992இல் திரைக்குக் கொணர்ந்தார். அதற்கு எட்டாண்டுகளின்பின், 2000இல், ஜப்பார் பட்டேல் இயக்கத்தில் அம்பேத்கர் படம் வெளிவந்தது. தலைமைப் பாத்திரம் ஏற்ற மம்முட்டி தேசிய விருது பெற்றார். மூன்று மணி நேரத்தில் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று முந்தி ஓடுவது அதன் குறை எனலாம். ஆனால் சிலையாக நிறுத்தாமல், நூல்களிடையே தனித்திருக்கும் மனிதராக, துணைவியார் ரமாபாயை இழந்து கலங்குபவராக அவரைக் காட்டியது அதன் நிறை. பூனா உடன்படிக்கையின் கசப்பையும் அது மறைக்கவில்லை. அப்படத்தின் தமிழ் வடிவம், சென்னை உயர்நீதிமன்றம் வரை முறையிட்ட பின்னரே, 2010 திசம்பரில் திரையரங்கு கண்டது. இங்கும் பத்தாண்டுகள்!

1954 அக்டோபர் 3ஆம் நாள் வானொலியில் உரையாற்றிய அண்ணல், விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்னும் மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாகத் தெளிவுபடுத்தினார். அடுத்த பதினைந்தாம் நாள் கீழூரில் நம் மக்கள் பிரதிநிதிகள் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கியது. அம்மூன்று சொற்களை முழங்கிய குடியரசின் ஆட்சியில் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. அவை அரசின் முத்திரையில் இருந்தால் மட்டும் போதாது, அண்டை வீட்டாரின் பழக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அண்ணலின் வாழ்வு காட்டும் பாடம்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், இப்படத்தை இளைஞர்களோடு அமர்ந்து காண ஒரு மாலையை ஒதுக்குமானால், அது இவ்விழாவிற்குப் பொருத்தமான தொடர்ச்சியாக அமையும்.