குண்டுக்கு இலக்கான கொழும்பும் சேர் ஒலிவரும்

உயிர்த்த ஞாயிறு என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது 2019 ஏப்ரல் 21. அதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்னரும் ஓர் உயிர்த்த ஞாயிறு கொழும்பைக் குண்டுகளால் உலுக்கியது. 1942 ஏப்ரல் 5 காலையில் ஜப்பானிய விமானங்கள் கொட்டாஞ்சேனையை ஒட்டிய துறைமுகத்தையும், வெள்ளவத்தைக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையும் தப்பவில்லை.

அன்று நகர மக்களைக் காக்கும் பொறுப்பிலிருந்தவர் குடியியல் பாதுகாப்பு ஆணையாளர் ஒலிவர் குணதிலக்க. 1892 இல் திருகோணமலையில் பிறந்து, வெஸ்லி கல்லூரியில் பயின்று, கணக்காய்வாளர் நாயகமாக உயர்ந்தவர்.

கொழும்பு ஏன் இலக்கானது? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. பிரித்தானியக் கடற்படைக்கு இந்தப் பிராந்தியத்தில் எஞ்சிய முக்கிய தளங்கள் கொழும்பும் திருகோணமலையும்தான். துறைமுகத்தில் பெருங்கப்பற்படை நிற்குமென்று எண்ணியே ஜப்பானியர் வந்தனர். அதுவோ மாலைதீவின் அட்டு பவளத் தீவுக்கு முன்னரே விலகியிருந்தது. ஏப்ரல் 9 இல் ஒலிவர் பிறந்த திருகோணமலையும் தாக்குண்டது.

மூன்றாண்டுகளின் பின் அமெரிக்கர் அணுகுண்டுக்கு நகரங்களைத் தெரிந்த முறை இதனினும் கொடியது. பெரிய நகராக, போர் முக்கியத்துவம் உடையதாக, குண்டின் விளைவை அளந்தறியும் வகையில் அதுவரை பெரிதும் சேதப்படாததாக இருத்தல் வேண்டும் என்றே தேடினர். போர்ச் செயலாளர் ஸ்டிம்சன் மறுத்ததால் கியோத்தோ பிழைத்தது. கொக்குராவின் வானம் மறைந்திருந்ததால் 1945 ஆகஸ்ட் 9 இல் நாகசாகி அழிந்தது. அத்தகைய கணக்கில் கொழும்பு சேராதது நமது பேறு.

குண்டுவீச்சின் பின் மக்கள் நகரைவிட்டு ஓடினர். துறைமுகத் தொழிலாளரும் கலைந்தனர். பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. உணவு ஆணையாளராகவும் இருந்த ஒலிவருக்குக் குண்டைவிடப் பசியே பெரிய சோதனை. பங்கீட்டு முறையும், ஊர்தோறும் பெருகிய கூட்டுறவுக் கடைகளும், அரிசிக்குப் பதிலாகப் புகுந்த கோதுமை மாவும் அக்காலத்தின் எச்சங்கள். வீட்டுக்கு வீடு பாண் உண்ணும் பழக்கம் வேரூன்றியதில் அந்தப் போருக்கும் பங்குண்டு.

நிதிச் செயலாளர், உள்நாட்டமைச்சர், இலண்டனில் உயர்ஸ்தானிகர் எனப் பல பதவிகளின் பின், 1954 இல் முதலாவது இலங்கையரான மகாதேசாதிபதியானார். 1958 மே மாதத்தில் தமிழர் தாக்கப்பட்டபோது, பிரதமர் பண்டாரநாயக்க தயங்கி நின்று, 27 ஆம் திகதியே அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் நிலைமையை நடத்தியவர் ஒலிவரே. அகதிகள் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டனர். அந்நியக் குண்டிலிருந்து மக்களைக் காக்க முனைந்தவர், இம்முறை உள்ளூர்த் தீயிலிருந்து தப்பியோருக்குக் கப்பல் தேட நேர்ந்தது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தமிழர்களே.

1962 இராணுவச் சதி முயற்சி விசாரணையில் பெயர் அடிபட, பதவி நீங்கி இலண்டன் சென்றார். 1976 இல், அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே அந்நியச் செலாவணிக் குற்றச்சாட்டில் தண்டனை விதிக்கப்பட்டது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அதினின்று விடுபட்டுத் தாயகம் திரும்பிய அவர், 1978 டிசம்பரில் கொழும்பிலேயே காலமானார்.