கணவரின் பெயரில் எரிந்த வெளிச்சம்

மடத்துவெளியில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, இரவு வானில் எரியும் வெளிச்சம் என்றதும் நினைவுக்கு வருவது பரா லைற்தான். அதைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். ஆனால் கடலில் எரியும் வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஆபத்தில் நிற்பவர் உதவி கேட்பது. கப்பல்களுக்கு அப்படியொரு வெளிச்சத்தை உருவாக்கிக் கொடுத்தவர் மார்த்தா கொஸ்டன் என்ற இளம் விதவை.

1826இல் அமெரிக்காவின் பால்ரிமோரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பெஞ்சமின் கொஸ்டன் என்ற கண்டுபிடிப்பாளரை மணந்தார். 1848இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 21, நான்கு பிள்ளைகள். சில காலத்துக்குள் பிள்ளை இழப்பும் தாயின் இழப்பும் நேர்ந்தன. பணமும் கரைந்தது.

கணவர் விட்டுச்சென்ற கடதாசிகளுக்குள், இரவில் கப்பல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல நிற வெளிச்சம் பயன்படுத்தும் யோசனை ஒன்று இருந்தது. அது அரைகுறைத் திட்டம்தான். செய்து பார்த்தவை சரிவரவில்லை. மார்த்தா ஏறக்குறைய பத்து வருடங்கள் அதனோடு போராடினார். பெண் என்றால் மதிக்கமாட்டார்கள் என்று, வாணவெடி செய்பவர்களுக்கு ஆண் பெயரில் கடிதம் எழுதினார். 1858இல் நியூயோர்க்கில் நடந்த வாணவேடிக்கையைப் பார்த்தபோது, தேடிய பிரகாசம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. வெள்ளை, சிவப்பு, பச்சை என மூன்று நிறங்கள் அமைந்தன. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு நிறச் சேர்க்கை. இலக்கத்தைக் குறிப்பேட்டில் பார்த்தால் செய்தி விளங்கும்.

1859இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இறந்துபோன கணவரின் பெயர். மார்த்தா அவருடைய சொத்தை நிர்வகிப்பவர் மட்டுமே.

1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் வடபகுதிக் கடற்படை இந்த வெளிச்சங்களைப் பெருமளவில் பயன்படுத்தியது. காப்புரிமைக்கு அவர் கேட்டது 40,000 டொலர். அரசு கொடுத்தது 20,000. போர்க்கால விலையேற்றத்தால் நட்டப்பட்டே விநியோகித்ததாகச் சொல்லி, பின்னர் நீண்டகாலம் இழப்பீட்டுக்காக அலைந்தார். கிடைத்தது கேட்டதில் சிறு பங்குதான்.

ஆனாலும் அவர் ஓயவில்லை. முறுக்கினால் பற்றிக்கொள்ளும் புதிய வடிவத்துக்கு 1871இல் தன் சொந்தப் பெயரிலேயே காப்புரிமை பெற்றார். அமெரிக்கக் கரையோர உயிர்காப்பு நிலையங்கள் அவரது வெளிச்சங்களைப் பயன்படுத்தின. கரைதட்டப்போன கப்பல்களை எச்சரித்து, பல உயிர்களைக் காக்க அவை உதவின. 1904இல் மார்த்தா காலமானார்.

எங்கள் தீவுகளிலும், துணையை இழந்தபின் தொழிலைக் கையிலெடுத்துக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் இருக்கிறார்கள். உழைப்பு அவர்களுடையது, பதிவுகளில் மட்டும் இன்னொருவர் பெயர். மார்த்தாவுக்குத் தன் பெயரை அங்கே எழுத, முதல் காப்புரிமைக்குப் பிறகும் 12 வருடங்கள் பிடித்தன.